முழுக் கட்டாய் வாங்கிய கடைசித் தீபாவளி

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் ரிங்லெட் டவுன் துணிக்கடையில் இந்த ஆண்டும் தீபாவளி மலிவு விற்பனை நடக்கிறது. வாசலில் சிவப்பு எழுத்தில் பெரிய பலகை. உள்ளே ஒவ்வொரு துணியிலும் விலை எழுதிய சீட்டு. தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துப் பெண்கள் லோரியை விட்டு இறங்கி, ஆளுக்கொரு சேலையை எடுத்துக்கொண்டு வெற்றிலை வாங்கப் போய்விடுகிறார்கள். முன்பெல்லாம் அந்தக் கடைப்படி ஏறினாலே பாதித் தீபாவளி வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

அப்போது பலகையும் இல்லை, சீட்டும் இல்லை. கடைக்கார பாய் வாயால் சொல்வதுதான் விலை. மலிவாக வேண்டுமென்றால் முழுக் கட்டாக எடுக்க வேண்டும். அதனால் லயமே சேர்ந்து ஒரு கட்டுத் துணி வாங்கி, வீட்டுக்கு வந்து கிழித்துப் பங்கிட்டுக்கொள்வோம். தீபாவளியன்று லயம் முழுக்க ஒரே பூப்போட்ட சேலைதான். பங்கிடும்வரை கட்டு பேரம் பேசியவருக்குச் சொந்தம். அது வழக்கம்.

எங்கள் லயத்துக்குப் பேரம் பேசுவது என் அம்மா. கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரல்களால் துணியைத் தேய்த்துப் பார்த்து அம்மா முகத்தைச் சுளித்தால், பாய் தானாகவே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

“என்ன பாய், தீபாவளிக்குச் சேலை கேட்டா கொசுவலைய எடுத்துப் போடுறீங்க?”

“அக்கா, நீங்க துணி வாங்க வேணாம் லா. கடையவே எழுதி வாங்கிட்டுப் போயிருங்க!”

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசர காலம் தொடங்கியபின் தோட்டத்து லோரிகளை வழியில் நிறுத்திச் சோதித்தார்கள். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று அரிசி, பால் டின், மருந்து எல்லாவற்றுக்கும் தடை. துணியைப் பற்றி எங்களில் யாருக்கும் யோசனை இல்லை. அந்த ஆண்டும் அம்மா வழக்கம்போலப் பேசி, நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட மெல்லிய வாயில் துணியில் ஒரு கட்டை வாங்கிவிட்டார்.

திரும்பும்போது சோதனைத் தடுப்பில் லோரி நின்றது. ஒரு மலாய்க் காவலர் நாங்கள் உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியிலிருந்து கட்டை இழுத்து எடுத்தார். வெள்ளைக்கார அதிகாரி அருகில் வந்தார். இது யாருடையது என்று காவலர் மலாயில் கேட்டார்.

“என்னோடதுதான்,” என்றார் அம்மா, தனக்குத் தெரிந்த மலாயில். வழக்கப்படி அது உண்மை. ஆனால் ஒரு கூலிக்காரப் பெண்ணுக்கு எதற்கு இத்தனை துணி? அதிகாரியின் முகம் மாறிவிட்டது. கட்டையும் அம்மாவையும் கீழே இறக்கச் சொன்னார். லோரியிலிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எங்களோடு வந்த கங்காணிகூடத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்போது டவுனில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன்; அன்று பள்ளி விட்டு அதே லோரியில்தான் திரும்பினேன். லோரியிலிருந்து குதித்து இறங்கி, “ஐயா, இது எங்கள் பண்டிகைத் துணி. இந்த லோரியில் இருக்கும் எல்லாப் பெண்களுக்கும் சொந்தம்,” என்று அவருடைய மொழியிலேயே சொன்னேன். 

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, “அப்படியானால் இங்கேயே வெட்டிக் கொடுங்கள். ஆளுக்கு மூன்று கஜம். மீதி இங்கே இருக்கும்,” என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் அம்மாவுக்குப் பயமெல்லாம் போய்விட்டது.

“மூணு கஜமா? அவரு பொண்டாட்டி கவுனுக்கு வேணா மூணு கஜம் போதும். சேலை கட்டுன பொம்பளைய இவரு கண்ணால பாத்திருக்காரான்னு கேளு!”

“உன் அம்மா என்ன சொல்கிறார்?” என்றார் அதிகாரி.

“சேலைக்கு ஆறு கஜம் வேண்டும் என்கிறார், ஐயா.”

அவர் நம்பவில்லை. அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பினார். கட்டை உருட்டி, என் பள்ளிக்கூடச் சட்டைக்கு மேலேயே நடுரோட்டில் சேலை கட்ட ஆரம்பித்தார். ஒரு சுற்று. கொசுவம். இன்னொரு சுற்று. தோளில் முந்தானை. நான் அதுவரை சேலை கட்டியதே இல்லை. லோரியில் ஒருத்தி, “பொண்ணு ரெடி, மாப்பிள்ளய காணோமே!” என்று கத்தினாள். சிரிப்பு வெடித்தது. மலாய்க் காவலரும் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா முந்தானை முடியும் இடத்தில் பல்லால் கடித்து, சர்ரென்று கிழித்து, என்னை அதிகாரியின் முன்னால் நிறுத்தினார்.

“இப்ப அளக்கச் சொல்லு.”

அதிகாரி அளக்கவில்லை. கையை விரித்து, ஆறு கஜம் என்று ஒப்புக்கொண்டார். அம்மா கிழிக்கக் கிழிக்க ஒவ்வொரு பெண்ணும் தன் பங்கை வாங்கிக்கொண்டு ஏறினாள். ஒரு முழம்கூடத் தடுப்பில் தங்கவில்லை. இனிமேல் அவரவர் துணியை மட்டுமே அவரவர் கொண்டுபோகலாம் என்று அதிகாரி உத்தரவு போட்டார். அதோடு கட்டுத் துணி நின்றது, பேரமும் நின்றது. ஒற்றைச் சேலைக்கு எந்தக் கடைக்காரர் விலை இறங்குவார்? எழுதி வைத்த விலையை மலிவு என்று நம்பி எடுக்க வேண்டியதுதான்.

லோரி மலை ஏறத் தொடங்கியதும் நான் சேலையை அவிழ்க்கப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

“அவுக்காதடி. லயத்துல எல்லாரும் பாக்கணும், கட்டிக்கிட்டே வா.”