செவலை மாட்டின் ஈரல்

மாட்டு வைத்தியத்தில் நோயாளி பொய் சொல்லாது. அதைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்தான் சொல்வார். கோபிசெட்டிபாளையம் பக்கம் வாய்க்கால் பாசன ஊர் ஒன்றில் பதினைந்து வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். இதே தொழிலில் சிக்கிய சகபாவிகளுக்கு இது புதிதாக இருக்காது. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: வாய்க்கால் ஓரத்து நத்தையிலிருந்து புல்லுக்கு ஏறி, புல்லோடு மாட்டின் வயிற்றுக்குள் போய், ஈரலில் குடியேறும் தட்டைப்புழுவின் கதை இது. அதற்கு மூளை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனாலும் எங்கள் எல்லோரையும் ஜெயித்துவிட்டது.

கெட்டிச் சாணி

தன் செவலை மாடு இளைக்கிறது, பால் குறைகிறது என்று ராசப்பன் வந்தார். மாடு ஏழு மாதச் சினை. வீட்டில் இருப்பதே அந்த ஒன்றுதான். சாணி கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் வாழை இலையில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார், கோயில் பிரசாதம் தோற்றுவிடும். புழு முட்டை ஒன்றுகூட இல்லை. சத்து டானிக் எழுதிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து, மாடு இன்னும் மோசம் என்று திரும்பி வந்தார். அந்தச் சாணி இந்த மாட்டுடையதுதானா என்று துருவிக் கேட்டபோது உண்மை வந்தது. "நம்ம மாடு தண்ணியா கழியுதுங்க. அதைப் போயி படிச்சவங்க முன்னாடி வெக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சுங்க. பக்கத்து ஊட்டு மாடு நல்லா கெட்டியா போட்டிருந்துச்சு, அதைக் கொண்டாந்துட்டேனுங்க."

சூடு

இந்த முறை அசல் சாணி, முட்டைகள் மொய்த்தன. மருந்தோடு அவர் வீட்டுக்கே போனேன். செவலையின் தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பையாகத் தொங்கியது. அதன்மேல் இரண்டு கோடு சூடு. போட்டவர் ராசப்பனின் மச்சான் பொன்னுசாமி, அந்தியூர்ச் சந்தையில் மாட்டுத் தரகர். ராத்திரி மாடு தலை தூக்கிப் படுத்தால் அந்த நீர் கொஞ்சம் வடியும், மேயக் குனிந்தால் மறுபடி இறங்கும். காலையில் வீக்கம் குறைந்ததைத் தன் சூட்டுக்கோலின் மகிமை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். நான் திட்டியதற்கு அவர் சிரித்தார். "ஏனுங்க டாக்டரு, நீங்க சாணியைப் பாக்கறீங்க. நான் மாட்டைப் பாக்கறேனுங்க."

பந்தி

குப்பி முழுவதையும் காலையில் ஊற்றச் சொன்னேன். ராசப்பன் மூன்று தடவை "சரிங்க" என்றார். எங்கள் ஊரில் ஒரு சரிங்க என்றால் சரி. மூன்று என்றால் நடக்காது. அது தெரிந்தும், அடுத்த ஊரில் கன்று போட முடியாமல் ஒரு மாடு தவிக்கிறது என்று கிளம்பிவிட்டேன். பத்து நாளாகியும் குணமில்லை. என்ன செய்தீர் என்று கேட்டேன். "அண்ணன் மாடு பக்கத்துலயே கட்டியிருக்குதுங்க. அது பாத்துட்டு நிக்கையில இதுக்கு மட்டும் எப்படிங்க ஊத்தறது? ரெண்டுக்கும் பாதிப் பாதியா ஊத்திப்போட்டேனுங்க."

ஈரல்

அடுத்த குப்பியை நானே ஊற்றினேன். பலனில்லை. நான்காம் நாள் செவலை செத்தது. வயிற்றிலிருந்த கன்றும் அதோடு போனது. அறுத்துப் பார்த்தால் ஈரல் கல்லாக இறுகியிருந்தது, பித்தக் குழாய்க்குள் இலை இலையாகப் புழு. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. சாணி, சூடு, பாதி மருந்து என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ராசப்பனைக் காய்ச்சி எடுத்தேன். அவர் தலை குனிந்து "சரிங்க, சரிங்க" என்றார்.

அவர் மனைவி பூவாத்தாள் மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தவில்லை. "தப்பு எங்களுதுதானுங்க. ஆனா ஆசுபத்திரிக்கும் நம்ம ஊட்டுக்கும் நடக்கற தூரந்தானுங்களே. அன்னைக்கே ஒரு எட்டு வந்து மாட்டைப் பாத்திருந்தீங்கன்னா, அது கழியறது உங்களுக்கே தெரிஞ்சிருக்குமுங்களே."

பதினைந்து வருடமாக அடுத்தவர் மடத்தனத்தைப் பட்டியல் போட்டு வந்தவனுக்கு, அதில் முதல் பெயராகத் தன் பெயரை எழுதிக்கொள்ள ஒரு செவலை மாடு சாக வேண்டியிருந்தது.