அந்த இடம்

தனக்கொடியின் முகத்துக்கு நேரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்த ரமீஜா, போனில் பாட்டைத் தட்டிவிட்டார். "கேளு. நா உன் மூஞ்சியப் பாத்துக்கினு இருக்கேன்." தனக்கொடி பாவம், ரெட்டியார்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து இன்னும் வேர்வைகூடத் துடைக்கவில்லை. எப்போதோ ரவிக்கைத் துணி வாங்க வந்து மாட்டிக்கொண்டவள். பரீட்சைக்கு உட்கார்ந்தவள் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

முல்லா வீதியில் ரமீஜா நடத்தும் மேட்சிங் சென்டரின் ஷட்டர் ஞாயிறு மதியம் பாதிதான் திறந்திருக்கும். உள்ளே துணிக் கட்டுகளுக்கு நடுவே மூன்று பெண்களும் ஒரு சிறிய ஸ்பீக்கரும். லிங்க் அனுப்பச் சொன்னால் ரமீஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "அனுப்புனா நீ கொழம்பு தாளிச்சிக்கினே கேப்ப. அந்த எடம் வரும்போது கடுகு வெடிக்கும். நீ கேட்டியா இல்லியான்னு எனக்கு இன்னா தெரியும்?"

எந்தப் பாட்டிலும் 'அந்த இடம்' ஒன்று உண்டு என்பது ரமீஜாவின் கட்சி. வயலின் எல்லாம் ஓய்ந்து குரல் மட்டும் தனியாக நிற்கும் ஒரு நொடி. அல்லது பாடுகிறவள் மூச்சு வாங்குவது காதில் விழுமே, அது. நெருங்கும்போதே அவர் ஆள்காட்டி விரல் மேலே எழும்பும். கேட்பவரின் புருவம் அசைந்தால் "ஆச்சா? ஆச்சில்ல?" என்று தொடையில் ஓர் அறை. அசையாவிட்டால் பாட்டு முதலிலிருந்து. தன் ரசனையில் தப்பிருக்கும் என்ற சந்தேகம் அவரை எட்டிப் பார்த்ததே இல்லை. வியாபாரத்திலும் அப்படித்தான். கேட்ட நிறத்தைக் கொடுக்காமல் வேறொன்றை எடுத்துப்போட்டு, "இதான் உன் பொடவைக்கு. வெளிய வெச்சுப் பாரு" என்பார்.

இந்த அதிகாரம் ஹேமலதாவிடம் மட்டும் செல்லாது. பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பாட்டுக்கும் முகத்தில் ஒரு கோடுகூட அசையாது. முடிந்ததும் "பா மால்" என்பார். பரவாயில்லை என்பதை பிரெஞ்சில் அப்படிச் சொல்வார்களாம். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து வாங்கியவர் கிடையாது.

"கல்லுகூட மழைல நனையும் ஹேமா!"

"அவன் ஆர்மோனியத்த அழ வெச்சா, நானும் சேந்து அழணுமா?"

டீ ஆறிப்போகும் வரை சண்டை நடக்கும். அந்தச் சண்டைக்காகவே ரமீஜா வாரமெல்லாம் பாட்டுத் தேடுவார். இனி அது இல்லை. வெள்ளிக்கிழமை ஹேமலதா பிரான்சுக்குப் போகிறார், மகன் வீட்டோடு இருக்க. திரும்பி வருகிற உத்தேசம் இல்லை.

ரமீஜா யாருக்கும் போட்டுக்காட்டாத பாட்டு ஒன்று உண்டு. ஓடாத ஒரு படத்தில் பேர் தெரியாத ஒருத்தி பாடியது. கல்யாணமான புதிதில் கணவர் யாகூபை உட்காரவைத்து ஆசையாகப் போட்டார். அந்த இடம் வந்தது. யாகூப் நிமிர்ந்து, "மீனு வாங்கியாச்சா?" என்றார். நல்ல மனிதர். தான் என்ன செய்தோம் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. இன்னொரு முகமும் அப்படிச் சும்மா இருந்துவிட்டால் அந்தப் பாட்டே தனக்கு இல்லாமல் போய்விடும் என்று ரமீஜாவுக்குப் பயம். ஊரையே அதட்டுகிறவருக்கு இந்த ஒன்றில்தான் பயம்.

தனக்கொடி அன்று ஒருவழியாகத் தேறிவிட்டாள். அடுத்தது ஹேமலதா.

"அங்க போயி யாருகிட்ட வம்பு வளப்ப?" என்றார் ரமீஜா.

"வீடியோல வா. மூஞ்சி தெரியும்ல?"

"அதுல இன்னும் கல்லாத்தான் தெரிவ." போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். "ஒண்ணு இருக்கு ஹேமா. யாருக்கும் போட்டதில்ல." குரலில் அதட்டல் இல்லை.

பாட்டைத் தட்டிவிட்டு, ஸ்பீக்கரை ஹேமலதாவின் கைப்பக்கம் வைத்தார். எதிரே உட்காரவில்லை. அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒழுங்காகச் சுற்றியிருந்த துணிக் கட்டு ஒன்றைப் பிரித்து மறுபடி சுற்றத் தொடங்கினார். முதுகுக்குப் பின்னால் பாட்டைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. அந்த இடம் நெருங்கியபோது விரல் எழும்பவில்லை. துணியை இறுகப் பிடித்துக்கொண்டது.

வாத்தியங்கள் ஓய்ந்தன. குரல் தனியாக நின்றது. அப்போது பாட்டின் சத்தம் கூடியது. ஹேமலதா கையை நீட்டி ஸ்பீக்கரின் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார், ஒரு முறை, இன்னொரு முறை, அதற்கு மேல் போகாது என்கிற வரை.

ரமீஜா திரும்பிப் பார்க்கவே இல்லை.