ரோட்டில் கிடந்த கொள்ளு

என் காரும் தம்பி காரும் ஒரே மாடல்தான். பெட்ரோலிலும் ஓடும், வீட்டில் சார்ஜ் போட்டும் ஓடும். என்னுடையது பழசு. அவனுடையது முகப்பும் உள்ளமைப்பும் மாற்றி வந்த புதுசு. ஒரு சார்ஜில் கூடுதல் தூரம் போகும். ஏசிக்குக்கூடத் திருகு கிடையாது, எல்லாம் திரைதான்.

உசிலம்பட்டியில் ஒரு காதுகுத்துக்கு அவன் காரில் கிளம்பினோம்.

"கொஞ்ச தூரம் நான் ஓட்டிப் பாக்குறேன்டா."

"இது உனக்கு செட்டாகாதுக்கா. உனக்கு அந்தப் பழசே போதும்."

அவன் பழசு என்றது காரை மட்டுமல்ல என்று எனக்குப் புரிந்தது. பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

ஊர் நெருங்கும்போது, ஏசியைக் கூட்ட அவன் திரையைத் தடவிக்கொண்டிருந்தான். எதிரே, வண்டிகள் ஏறினால் மணி உதிரட்டும் என்று பாதி ரோட்டில் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். அந்தப் பக்கம் தினமும் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போகிற நான் ஒதுங்கித்தான் போவேன். காய்ந்த செடி அடியில் சுற்றிக்கொண்டால் தீப்பிடிக்கும்.

"ஒதுக்குடா!" என்று கத்துவதற்குள் ஏறிவிட்டான். கருகல் வாடை வந்தது.

வண்டியை அணைக்கச் சொல்லி இறங்கினேன். அவன் திரையில் வந்த எச்சரிக்கையைப் படித்துக்கொண்டிருந்தான். நான் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் படுத்து, சூடேறிய செடியைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிப் போட்டேன்.

"எறங்கு. நான் ஓட்டுறேன்."

"அக்கா, உனக்கு இந்த வண்டி..."

"எனக்கு இந்த ரோடு தெரியும். எறங்குடா."

இறங்கினான். அருமையான வண்டி, இல்லையென்று சொல்லமாட்டேன். வீட்டில் எல்லோரும் என்னையும் அதற்கு மாறச் சொல்கிறார்கள்.

திங்கட்கிழமை பழைய காரிலேயே கிளம்பினேன். கொள்ளு இன்னும் கிடந்தது. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் ஒதுங்கிப் போனேன். போகிற போக்கில் கை தானாக ஏசித் திருகைத் தேடிப் பிடித்துக் கூட்டிவிட்டது.