நூற்றைம்பது வார்த்தைக்குள்

இங்கே யாருக்கும் பெரிதாக வலிப்பதில்லை. அல்லது அப்படித்தான் சொல்வார்கள். வட இங்கிலாந்தின் ஒரு சிறிய ஊரில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், இடுப்பு மூட்டு மாற்றிய ஒரு முதியவரிடம் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “எ பிட் ஸோர், லவ்” என்றார். கொஞ்சம் வலிக்கிறதாம். நானும் ஏட்டில் ‘கொஞ்சம்’ என்று குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அரைமணி நேரம் கழித்து அங்கு வந்த வார்டு சிஸ்டர், கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் வெளுத்துப்போயிருப்பதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார். அவர் கொஞ்சம் என்றுதானே சொன்னார் என்றேன். “அந்த வயதுக்காரர்கள் ‘எ பிட்’ என்றால் தாங்க முடியவில்லை என்று அர்த்தம்” என்றார் சிஸ்டர். அப்படியானால் தாங்க முடியவில்லை என்றே சொல்லலாமே என்று நான் கேட்டதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தார். தலைவலி வந்தாலே ‘செத்தேன்’ என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லுகிற ஊரிலிருந்து போனவள் நான். எழுதியிருப்பதைப் படித்து, அதையே விடையாக எழுதித் தேறியவளும்கூட.

குலசேகரத்தில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்த ஸார், காம்ப்ரிஹென்ஷனுக்கு ஒரே ஒரு வழிதான் சொல்லித்தருவார். கேள்வியில் இருக்கும் பெரிய வார்த்தையைப் பிடி. பாசேஜில் அதே வார்த்தை எந்த வரியில் இருக்கிறது என்று பார். அந்த வரியை அப்படியே எடுத்து எழுது. அர்த்தம் தெரியவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளான எங்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷீபாவுக்கு மட்டும் அது போதவில்லை. கைடிலிருந்த பாசேஜ்களெல்லாம் தீர்ந்த பிறகு, “நீ ஒரு பாசேஜ் எழுது மக்கா, நான் கேள்வி போடுதேன்” என்றாள். பள்ளி விட்டு வீட்டுக்குப் போகும் வழியில், ரப்பர் தோட்டத்துக்குள் ஓடைமேல் கட்டிய கலுங்கின் சுவரில் உட்கார்ந்து நான் எழுதுவேன். களியக்காவிளை தாண்டியதும் பாதி வாக்கியத்தில் மலையாளத்துக்கு மாறிவிடும் கண்டக்டர், மழை வந்ததும் ரப்பர் பால் சிரட்டைகளை வாளியில் கவிழ்த்துக்கொண்டு ஓடும் அப்பா, தப்பும் தவறுமான இங்கிலீஷில் இப்படி எதையாவது. ஷீபா தப்பைத் திருத்திவிட்டுக் கேள்வி போடுவாள். அவள் கேள்விகளுக்கு ஸார் சொன்ன வழி உதவாது. ‘அந்த மனிதர் ஏன் ஓடினார்’ என்று கேட்பாள். நான் மழை என்று எழுதுவேன். அதற்கு அவள் அரை மதிப்பெண்தான் தருவாள். “மழைன்னு எல்லாருக்கும் தெரியும். பால் நனைஞ்சா உனக்க அப்பாவுக்கு அன்னைக்குக் கூலி கிட்டாது. அதான் காரணம். நீ எழுதினது உனக்கே தெரியல்லியா?” என்பாள். அரசுத் தேர்வில் காம்ப்ரிஹென்ஷனுக்கு நாங்கள் இருவரும் முழு மதிப்பெண் வாங்கினோம்.

பிறகு நான் நர்ஸிங் படித்தேன். அவள் பி.எட். முடித்து, தக்கலைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் ஆனாள். நான் இங்கே கிளம்பும்போது கேட்டது ஒன்றுதான். “எனக்கு இங்கிலீஷ்லயே எழுது மக்கா. இங்க டீச்சர்மாரு எல்லாரும் தமிழ்லதான் பேசுதோம். எனக்கு டச் விட்டுப்போகும்.” ஞாயிற்றுக்கிழமை தோறும் மின்னஞ்சல் எழுதினேன். குளிரையும் வார்டையும் பற்றி எழுதினேன். பக்கத்து வீட்டுக்காரி ‘ஒருநாள் கட்டாயம் சாப்பிட வரவேண்டும்’ என்று சொன்னதை நம்பி நான் நாளும் நேரமும் கேட்டதையும், அவள் திகைத்து நின்றதையும் எழுதினேன். ஷீபா எல்லாவற்றுக்கும் கேள்விகளாகவே பதில் அனுப்புவாள். அப்போது உனக்கு என்ன தோன்றியது, அவள் முகம் எப்படி இருந்தது, நீ ஏன் உடனே திரும்பிப் போகவில்லை என்று. இந்த ஊரில் என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. ஒருத்தி அக்கறையாகக் கேட்கிறாள் என்பதற்காகவே நான் இன்னும் விரிவாக எழுதினேன்.

வந்த வருடமே அம்மைக்கு நெஞ்சுவலி வந்து மார்த்தாண்டத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எனக்கோ அந்த வாரம்தான் நர்ஸ் பதிவுக்கான செய்முறைத் தேர்வு. அதில் தேறினால்தான் இங்கே நிலைக்க முடியும். அண்ணன் போன் செய்து உடனே வரச் சொன்னான். “லீவு தரமாட்டேங்காவ அண்ணே” என்றேன். அது பொய். நான் லீவு கேட்கவே இல்லை. கேட்டால் கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. மறுநாள் அண்ணன் வெளியே போயிருந்த நேரம், அங்கிருந்த நர்ஸ் ஒருத்தி போனை அம்மையின் காதில் வைத்தாள். அம்மையிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். “நீ இப்போ வரண்டாம் மக்களே. பரீட்சைய எழுதி ஜெயிச்சிட்டு வா. எனக்கு இப்போ கொள்ளாம்” என்றாள். கொள்ளாம் என்றால் எங்கள் பக்கத்தில் நன்றாக இருக்கிறது என்று பொருள். நோயாளி சொல்வதை அப்படியே நம்பக்கூடாது என்று அதற்குள் கற்றிருந்த நான், அந்த ஒரு சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. தேர்வு முடிந்த மறுநாள் அம்மை போய்விட்டாள். அடுத்த நாளே அடக்கம், அதற்குள் போய்ச்சேர வழியில்லை. அதை அண்ணன் போனில் காட்டினான். நான் இங்கே சமையலறையில் நின்று பார்த்தேன். இதையெல்லாம் ஷீபாவுக்கு மட்டும் எழுதினேன். எழுதியிராவிட்டால் அந்த மாதத்தை என்னால் கடந்திருக்க முடியாது.

சென்ற ஆண்டு ஷீபா பத்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் காம்ப்ரிஹென்ஷன் பயிற்சிப் புத்தகம் ஒன்று கொண்டுவந்தாள். அட்டைப் படத்தை எனக்கு அனுப்பியபோது எனக்கே பெருமையாக இருந்தது. அண்ணன் மகள் அபிஷா அப்போது பத்தாம் வகுப்பு. அண்ணனிடம் சொல்லி அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொடுக்கச் செய்தவளும் நான்தான். சனிக்கிழமைகளில் இங்கே மதியமாகவும் அங்கே மாலையாகவும் இருக்கும் நேரத்தில், அபிஷா சந்தேகம் வரும் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பிவிட்டு வீடியோவில் வருவாள். அத்தையை எங்கள் பக்கத்தில் மாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை வந்த பக்கத்தில் ஒரு நர்ஸ் இருந்தாள். பெயர் வினிதா. மலையோரத்து ரப்பர் ஊரிலிருந்து வெளிநாடு போனவள். தாய் ஆஸ்பத்திரியில். மகளுக்குத் தேர்வு. லீவு மறுக்கப்பட்டதாக வீட்டில் பொய் சொல்கிறாள். சமையலறையில் நின்றபடி தாயின் அடக்கத்தைப் போனில் பார்க்கிறாள். வாக்கியங்கள் என்னுடையவை. நான் வைத்த காற்புள்ளிகள்கூட அப்படியே இருந்தன.

“மாமி, நாலாவது கேள்விதான் குழப்பமா இருக்கு” என்றாள் அபிஷா. “வினிதா ஏன் பொய் சொன்னா? நாலு விடை குடுத்திருக்காவ. விமானத்துல போகப் பயம். அம்மைய விட வேலைதான் அவளுக்குப் பெருசு. அம்மைகூடச் சண்டை. டிக்கெட் கிட்டல்ல. இதுல எது மாமி?”

கடைசிப் பக்கத்தில் விடை இருக்குமே, பார்த்தியா என்று கேட்டேன்.

“பார்த்தேன். ரெண்டாவதுன்னு போட்டிருக்கு. ஆனா அப்படி எந்த வரியும் பாசேஜ்ல இல்லியே.”

“இல்லதான்” என்றேன். “சில கேள்விக்கு நாமதான் ஊகிக்கணும். ரெண்டாவதுன்னே எழுது மக்களே. அதுக்குத்தான் மார்க்கு.”

அவள் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு ஐந்தாவது கேள்விக்குப் போனாள். ஒரு சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டிருந்தார்கள். அதையும் சொல்லிக்கொடுத்தேன்.

மறுநாள் ஷீபாவைக் கூப்பிட்டேன். நான் கோபப்படுவேன் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை. “பேரு மாத்தியிருக்கேன். நாட்டை மாத்தியிருக்கேன். யாருக்குத் தெரியும் மக்கா? இங்க உள்ள பிள்ளேளுக்கு எல்லா கைடுலயும் திமிங்கிலமும் பனிக்கரடியும்தான். நம்ம ஊரு கதை, அதுவும் இவ்வளவு நல்ல இங்கிலீஷ்ல, எங்க கிட்டும்?” என்றாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவே.”

“அம்மை எங்கிட்டச் சொன்னத எழுதியிருந்தேனே, பரீட்சை எழுதிட்டு வான்னு. அது எங்க?”

“வார்த்தை கூடிப்போச்சு. பாசேஜ் நூத்தம்பது வார்த்தைக்குள்ள நிக்கணும். எதையாவது வெட்டணும் இல்லியா?”

“ரெண்டாவது விடைய யாரு போட்டது?”

“நான்தான். பின்ன, அந்த பாசேஜப் படிச்சா அப்படித்தானே மக்கா தோணும்?”

பாசேஜைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். அதை அவள் வெட்டிய பிறகு படித்தால். அவளோ வெட்டுவதற்கு முன்பும் படித்தவள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்னிடம் கேள்வி கேட்டவள். நான் அழுதுகொண்டே எழுதிய அந்த மாதம் முழுவதும் ‘உன்மேல் தப்பில்லை’ என்று பதில் அனுப்பியவள். அப்போதே அவள் மனதில் இரண்டாவது விடைதான் இருந்ததா? கேட்கவில்லை. அடுத்த பதிப்பில் எடுத்துவிடுவதாகச் சொன்னாள். சரி என்று வைத்துவிட்டேன். அதன்பிறகு நான் எழுதவில்லை. அவளும் கேள்வி அனுப்பவில்லை.

அபிஷாவின் தேர்வுக்கு முந்தைய மாதம் பதினைந்து நாள் லீவில் ஊருக்குப் போனேன். அண்ணனிடம் எதுவும் சொல்வதாக இல்லை. அவனுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, அதனால் அவனுக்குத் தெரியவே போவதில்லை என்று நினைத்திருந்தேன். ஒருநாள் காலை முற்றத்துக் கொடியில் அண்ணன் ரப்பர் ஷீட்டுகளை உலர்த்திக்கொண்டிருந்தான். அபிஷா படியில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். பாசேஜைச் சத்தமாக வாசித்துவிட்டுத் தமிழில் யாருக்காவது சொல்லிப் பார்க்கவேண்டும் என்று அவளுடைய டீச்சர் சொல்லியிருந்தாராம். “அப்பா கேளுங்க” என்று அவள் அந்த நர்ஸின் கதையைச் சொல்லத் தொடங்கியபோது நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். உள்ளே போய்விடலாம் என்று தோன்றியது. போகவில்லை.

கேட்டு முடித்ததும் அண்ணன் சிரித்தான். “நம்ம வீட்டுக் கதை போல இருக்கே. ஆனா நம்ம பிள்ளைக்கு நெசமாவே லீவு குடுக்கல்ல” என்றான்.

“நம்ம வீட்டுக் கதைதான் அண்ணே” என்றேன். “நான் லீவு கேக்கல்ல.”

அவன் கையிலிருந்த ஷீட்டைக் கொடியில் ஒழுங்காக விரித்துப்போட்ட பிறகுதான் திரும்பினான். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மையிடம் பேசியதையும் அம்மை சொன்னதையும். அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினேன்.

“அடக்கத்துக்கு வந்தவிய ஒவ்வொருத்தரும் கேட்டாவ, மவ வரல்லியான்னு” என்றான். “சர்ச்சுலயும் கேட்டாவ. வெள்ளைக்காரனுக்கு மனசில்ல, லீவு தரல்லன்னு நான்தான் எல்லாரிட்டயும் சொன்னேன். உனக்க ஆஸ்பத்திரிக்காரன வாயில வந்தபடி எல்லாம் ஏசினேன்.”

“அம்மை வரண்டாம்னு சொன்னா அண்ணே.”

“அப்படின்னு நீ சொல்லுத.” அவன் அபிஷாவிடம் கைநீட்டிப் புத்தகத்தை வாங்கி, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்தப் பக்கத்தைப் பார்த்தான். “இதுல அப்படி எழுதியிருக்கா மக்களே?”

அபிஷா என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “இல்ல அப்பா” என்றாள்.

அவன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஷீட்டை எடுத்தான். அதற்குப் பிறகும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான், கருப்பட்டியும் நேந்திரங்காய் வற்றலும் வாங்கிவந்து பெட்டியில் வைத்தான். ஆனால் அந்த விஷயத்தை நான் எடுத்தபோதெல்லாம் எழுந்து போனான். ஷீபா எனக்குச் செய்ததை நினைத்து மனதுக்குள் எவ்வளவோ குமுறியிருக்கிறேன். நம்பி எழுதியதை விற்றுவிட்டாள் என்று. என் பொய்யை நம்பி ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த ஒருவன் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது, அந்தக் குமுறலை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஷீபாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவள் வெட்டி எடுத்த அந்த ஒரு வரிதான், அண்ணனிடம் காட்ட எனக்கு இருந்த ஒரே சாட்சி. ஷீபாவுக்கு அனுப்பிய அந்த மின்னஞ்சலை இப்போது எடுத்துக் காட்டினாலும் அது நானே எழுதியதுதானே என்பான்.

திரும்பிப்போகும் நாள் அண்ணன்தான் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் காரில் கூட்டிவந்தான். நல்ல வெயில். பெட்டிகளை இறக்கித் தள்ளுவண்டியில் வைத்தான். கதவருகே பாஸ்போர்ட்டைப் பார்த்த காவலர் என்னை உள்ளே விட்டார். அண்ணனுக்கு அதற்கு மேல் அனுமதியில்லை. உள்ளே போய்ச் சுவர் உயரத்துக்கு இருந்த கண்ணாடியின் பக்கத்தில் வந்து நின்றேன். அவன் போயிருப்பான் என்று நினைத்தேன். போகவில்லை. வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு என்னைத் தேடிக்கொண்டிருந்தான். நான் கையை ஆட்டினேன். கண்ணாடிக்கு நேராக வந்து, ஒரு முழ தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தான். அவன் முகத்துக்கு நேரே கண்ணாடியில் கையை வைத்தேன். எனக்கு அவன் தாடியில் நரைத்த முடிகள்வரை தெரிந்தன. வெளியே அவ்வளவு வெளிச்சமிருந்ததால் அவன் பக்கத்திலிருந்து கண்ணாடியில் அவனுடைய முகமும், பின்னால் நின்ற கார்களும்தான் தெரிந்திருக்க வேண்டும். அவன் கையும் ஆட்டாமல் போகவும் செய்யாமல் அப்படியே நின்றான். என்னுடைய விமானத்துக்கான வரிசையை ஒலிபெருக்கியில் அழைக்கத் தொடங்கினார்கள், முதலில் மலையாளத்திலும் பிறகு இங்கிலீஷிலும். இரண்டும் எனக்குப் புரிந்தன. நான் கண்ணாடியிலிருந்து கையை எடுக்கவில்லை.