இடது கை போட்ட மயில்

போன வருடம் எனக்குப் பக்கவாதம் வந்தது. லேசானதுதான் என்றார் டாக்டர். லேசு, கனம் என்பதெல்லாம் பார்க்க வருகிறவர்களுக்கு. படுத்துக் கிடப்பவளுக்கு ஏது? வலது கை தோளிலிருந்து சும்மா தொங்கியது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "அது கொஞ்சம் இழுத்துக்கிட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்" என்று என் வீட்டுக்காரர் கிண்டலடித்தார். சோறு பிசைந்து ஊட்டியவரும் அவர்தான்.

எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அந்தக் கை திரும்பி வர வேண்டும். ஜாக்கெட் ஊக்கு மாட்டவும் கொசுவம் வைக்கவும் இன்னொருவர் முன்னால் போய் நிற்பது ஒரு பிழைப்பா? குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

திருவேற்காட்டில் எங்கள் ஃபிளாட்டுக்கு வரும் பிசியோ பெண் ஒருநாள் அதட்டினாள். "இன்னாமா நீ, டிவி பாத்துகினே குந்திகினு இருந்தா கை எப்டி வரும்? அந்தக் கை வர்ற வரைக்கும் இந்தக் கையில எதுனா செய்யி. தையல் தெரியும்னு சொன்ன இல்ல?"

தெரியும்தான். கிராஸ் ஸ்டிச். ஆனால் அதைத் தொட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. அவளுக்குப் பதில் சொல்வதற்காகவாவது எதையாவது செய்வோம் என்று பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கச் சொன்னேன். அடியில், நாப்தலின் வாசனையோடு, அந்த மேட்டி துணி இருந்தது. கட்டம் கட்டமாக நெய்த வெள்ளைத் துணி, இப்போது பழுப்பேறியிருந்தது. அதில் எதிரெதிரே நிற்கும் இரண்டு மயில்கள். வலது பக்கத்து மயில் முழுசாக இருந்தது. இடது பக்கத்து மயிலுக்குக் கழுத்தோடு சரி, தலை இல்லை.

முழு மயில் நான் போட்டது. தலையில்லாதது என் சிநேகிதி போட்டது. பள்ளிக்கூட நாட்களில் ஆவடி குவார்ட்டர்ஸில் எதிரெதிர் வீடு. எங்கள் அப்பாக்கள் இருவரும் ஒரே ஃபேக்டரிக்கு ஒரே நேரத்தில் சைக்கிளில் போவார்கள். அவள் இடது கைக்காரி. அதனால் துணியின் இடது பக்கம் அவளும் வலது பக்கம் நானுமாக உட்கார்ந்து, ஒரே துணியை இரண்டு மடியிலும் விரித்துக்கொள்வோம். கை இடிக்காது.

கிராஸ் ஸ்டிச்சில் சட்டம் ஒன்றுதான். பெருக்கல் குறி மாதிரி விழும் தையலில் மேலே வரும் இழை துணி முழுக்க ஒரே பக்கம் சாய வேண்டும். எனக்கு ஒரு பக்கம் சாய்ந்தது, அவளுக்கு நேர் எதிர்ப்பக்கம். இதைக் கவனிக்காமல் பாதி மயில் வரை போய்விட்டோம். நூல் ஒன்றுதான், ஆனால் ஜன்னல் வெளிச்சம் பட்டால் ஒரு மயில் மின்னும், மற்றது மங்கும். தையல் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். பிரித்துப் போடலாம் என்று நான் சொன்னதற்கு அவள் மறுத்துவிட்டாள். அந்த மழைக்காலத்தில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தார்கள், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டுக்கு அவளை வெள்ளைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். அவளுடைய அம்மா மயில் துணியை என் கையில் திணித்து, "இது என் கண்ணுல படவே கூடாது" என்றார். நானும் அதன்பிறகு ஊசியை எடுக்கவில்லை.

சரி, தலையாவது வைப்போம் என்று ஆரம்பித்தேன். செத்த வலது கையைத் துணி மாட்டிய வளையத்தின் மேல் பாரமாக வைத்துக்கொண்டு இடது கையால் குத்தினேன். முதலில் ஒரே கிறுக்கல். போகப் போக இழை படியத் தொடங்கியது. ஒரு வாரம் கழித்து ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். என் தையல் எல்லாம் அவள் பக்கம் சாய்ந்திருந்தது. அவள் விட்ட இடம் எது, நான் தொட்ட இடம் எது என்று தெரியவில்லை. துணியைத் திருப்பினேன். என் தையலின் பின்பக்கம் எப்போதும் முடிச்சு முடிச்சாக இருக்கும். அவள் முடிச்சே போட மாட்டாள், நூல் வாலைத் தையலுக்கு அடியிலேயே அமுக்கிவிடுவாள். இப்போதும் ஒரு முடிச்சுகூட இல்லை.

"இடது கையில போட்டா அந்தப் பக்கம்தான் சாயும். ஒத்தக் கையால முடிச்சு எப்படிப் போடுவே? இதுக்குப் போய் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே!" என்றார் வீட்டுக்காரர். நியாயம்தான், எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. பிறகு அவரே கேட்டார். "அதெல்லாம் இருக்கட்டும், எதுக்கு ஊசியப் பல்லுல தட்டிக்கிட்டே இருக்கே? கேக்கவே கூசுது."

நான் தட்டவே இல்லை என்று அவரோடு சண்டை போட்டேன். மறுநாள் வரிசை முடிந்ததும் என் காதிலேயே விழுந்தது. டிக், டிக். நாக்கில் இரும்பு ருசி. அது அவள் பழக்கம். வரிசைக்கு வரிசை முன்பல்லில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள். எனக்கு அந்தப் பழக்கம் என்றைக்கும் இருந்ததில்லை, சத்தியமாக.

மனசு கேட்கவில்லை. அவள் அம்மா மண்ணூர்பேட்டையில் தனியாக இருந்தார். பண்டிகைக்குப் பண்டிகை போனில் விசாரித்துக்கொள்வதுதான் எங்களுக்குள் மிச்சம். துணியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனேன். ஆன்ட்டிக்குத் தூத்துக்குடிப் பக்கம். ஆவடிக்கு வந்து தலை நரைத்தும் பேச்சு நரைக்கவில்லை. துணியை விரித்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று பயந்தேன். அவர் பின்பக்கத்தைத் திருப்பி விரலால் தடவினார்.

"இது எம்புள்ள போட்டதுட்டி."

"கழுத்து வரைக்கும் அவ. அதுக்கு மேல இப்ப நான் போட்டது ஆன்ட்டி."

"பொய் சொல்லாதட்டி. எம்புள்ள கை எனக்குத் தெரியாதா? எங்க, எம்முன்னால போடு பாப்பம்."

போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல்லில் ஊசி தட்டியபோது அவர் உதடு லேசாக விரிந்தது. அதிலிருந்து வாரத்துக்கு ஒரு மத்தியானம் அங்கே என்று ஆயிற்று. பக்கத்துத் தொழிற்பேட்டையின் லேத் மெஷின் சத்தத்துக்கு நடுவே நான் தைப்பேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். மீன் குழம்பு வைத்து, எனக்குப் பிடிக்காத தலைத்துண்டையே தட்டில் போடுவார். தலைத்துண்டு அவளுக்குத்தான் உயிர். ஒருநாள் என்னைப் 'பாப்பா' என்றார். வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வயசான மனுஷி, போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

இதற்கிடையில் என் வலது கை விழித்துக்கொண்டது. கட்டை விரல் அசைந்தது, பிறகு மற்றவை. ஒருநாள் காலை நானே ஊக்கு மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, அடி சக்கை என்று கத்தினேன். அன்று மண்ணூர்பேட்டையில் ஆன்ட்டி கொண்டுவந்த ஸ்பூனைத் தள்ளிவிட்டு, அவர் கண் முன்னால் வலது கையால் சோறு பிசைந்தேன். கொஞ்சம் சிந்தியது, அதனால் என்ன! அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் தட்டில் கை வைக்கவில்லை.

சாப்பிட்டு முன்னறையில் கண்ணயர்ந்தேன். உள்ளே ஆன்ட்டியின் குரல் கேட்டு எழுந்து எட்டிப் பார்த்தேன். மாதா படத்தின் முன் மண்டியிட்டிருந்தார்.

"மாதாவே, அந்த வலது கை சரியாக வேண்டாம். அது சரியாயிட்டா எம்புள்ள போயிருவா. அது அப்படியே இருக்கட்டும் தாயே."

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. என் கையைக் கேட்டு நான் ஏறாத கோயில் இல்லை. வேண்டாம் என்று கேட்க இவர் யார்? பெத்த வயிறு எரியும்தான், அதற்கு ஊரான் வீட்டுக் கையா கிடைத்தது? துணியைக்கூட எடுக்காமல் வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன்.

அடுத்த வாரமும் போகவில்லை, அதற்கடுத்த வாரமும் போகவில்லை. கை நன்றாக வந்தது. வாசலில் சின்னக் கோலம் போட்டேன். பிசியோ பெண் கைதட்டினாள். அப்போதுதான் போன் வந்தது.

"வரலையாட்டி? மயிலு இன்னும் அரத் தலையோட நிக்கு."

ஆன்ட்டி போனை வைத்துவிட்டார். என் கோபம் எப்போதுமே பால் பொங்கிய கதைதான், சட்டென்று தணிந்துவிடும். போய்த் தலையை முடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம் என்று தீர்மானித்தேன். கை குணமானதை மட்டும் காட்டிக்கொள்ளக் கூடாது. வலது கையை மடியில் செத்தது மாதிரி போட்டுக்கொள்வேன். ஒரு கிழவியின் ஆறுதலுக்காக ஒரு மத்தியானம் நடித்தால் என்ன குறைந்துவிடும்?

அப்படியே உட்கார்ந்தேன். ஆன்ட்டி நிறைய இளைத்திருந்தார். என் மடியில் கிடந்த கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் தைத்தேன். அலகு முடிந்தது, கொண்டை முடிந்தது, கண் மட்டும் பாக்கி. காப்பி போட்டு வருகிறேன் என்று எழுந்து போனார்.

டம்ளரை நீட்டினார். டம்ளர் என் மடிமேல் சரிந்தது. நடிப்பெல்லாம் மறந்து வலது கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். கை வரவில்லை. கொதிக்கும் காப்பி அதன் மேலேயே கொட்டியது. புறங்கையில் ஆவி பறப்பது தெரிந்தது, சுடவில்லை. காலையில் கோலம் போட்ட கை அது. மடக்கப் பார்த்தேன், விரித்துப் பார்த்தேன், உள்ளுக்குள் அலறினேன். ஒரு விரல்கூட அசையவில்லை.

ஆன்ட்டி பதறவில்லை. தரையில் உட்கார்ந்து என் கையைத் தன் மடிக்கு எடுத்து, முந்தானையால் விரல் விரலாகத் துடைத்தார். துடைத்து முடித்து என் மடியிலேயே திரும்ப வைத்தார்.

"நீ கண்ணைப் போடு பாப்பா" என்றார்.