சீரிஸ் எப்ப முடியும்?

பெரியம்மாவின் மகன் வந்து இறங்கிய அன்றே என் அறை அவனுக்குப் போய்விட்டது. அது போகட்டும். சோபாவில் அப்பாவுக்குப் பக்கத்தில் எனக்கிருந்த இடமும் போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. டென்மார்க்கில், ஹ்விடோவ்ரே என்ற ஊரில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குப் பாண் தொழிற்சாலையில் விடியற்கால வேலை. மத்தியானம் தாண்டி வீட்டுக்கு வந்தால் சட்டையில் மாவும் கண்ணில் நித்திரையுமாக சோபாவில் சாய்வார். நான் அவர் தோளில் சாய்வேன். தொலைக்காட்சியில் சிறுவர் நிகழ்ச்சி ஓடும். அவர் குறட்டை விடுவார், நான் பார்ப்பேன். பெரிதாக ஒன்றும் கதைத்துக்கொள்ள மாட்டோம். ஆனால் அந்த ஒரு மணி நேரம் என்னுடையது, அதில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது.

அவனுக்குப் பன்னிரண்டு வயது. அமெரிக்காவில் பெரியம்மாவுக்கு ஒரு சின்ன ஒப்பரேஷன், அது முடியும்வரை சித்தி வீட்டில் இருக்கட்டும் என்று அனுப்பியிருந்தார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், அவனுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். பெட்டியில் உடுப்பைவிடப் பேஸ்போல் சாமான்தான் கூட. அவன் ஊர் அணியின் நீலத் தொப்பியைப் படுக்கும்போதும் கழற்ற மாட்டான். நான் தொப்பியோடு சாப்பிட உட்கார்ந்தால் பறித்து மூலையில் எறிகிற அம்மா, அவனைப் பார்த்து, "பாவம் பிள்ளை, இருக்கட்டும்" என்றார். தொப்பி போடுவதில் என்ன பாவம் என்று எனக்கு விளங்கவில்லை. அவனுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை என்பது தனி எரிச்சல்.

அந்த அணியோ நோஞ்சான் அணி. கையில் காசில்லை. நன்றாக விளையாடுகிற ஒருவன் கிடைத்தால் பெரிய நகரத்து அணி விலை பேசித் தூக்கிக்கொண்டு போய்விடும். ஒருநாளும் கிண்ணம் வென்றதில்லை. அப்படிப்பட்டவர்கள் அந்த வருடம் தட்டுத் தடுமாறி இறுதித் தொடருக்கு வந்து நின்றார்கள். எதிரே நின்றது கிண்ணங்களை அடுக்க இடமில்லாத பணக்கார அணி. மொத்தம் ஏழு ஆட்டம், முதலில் நான்கு வெல்கிறவருக்குக் கிண்ணம். இதை அவன் "சீரிஸ்" என்பான். விடிந்தால் சீரிஸ், பொழுதுபட்டால் சீரிஸ்.

அங்கே ஆட்டம் நடக்கும்போது இங்கே நாங்கள் நித்திரையாக இருப்போம். அதனால் அப்பா வேலையால் வந்த பிறகு பதிவைப் போட்டுப் பார்ப்பார்கள். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடக் கூடாதென்று அவன் பகல் முழுக்கப் போனைத் தொடாமல் இருப்பான். அப்பாவுக்கு இப்போது நித்திரையே வருவதில்லை. "உது எங்கடை எல்லேதானே, குஞ்சு! நான் பள்ளிக்கூடத்திலை எல்லே ரீமிலை இருந்தனான்" என்று அவனுக்குத் தன் புராணத்தைத் தொடங்கினார். எல்லே என்பது ஊரில் மட்டையும் பந்துமாக விளையாடுவது என்று அன்றுதான் எனக்கே தெரியும். அதைவிட, குஞ்சு என்பது அதுவரை எனக்கு மட்டும் உரிய சொல்.

எங்கள் பள்ளிக்கூடத்திலும் ருண்ட்போல்ட் என்று அதே மாதிரி ஒன்று விளையாடுவோம். பந்தை அடித்துவிட்டு மூலைகளைச் சுற்றி ஓட வேண்டும். அந்தச் செப்டம்பரில் பக்கத்து வகுப்போடு நடந்த ஆட்டத்தில் நான் அடித்த பந்து வேலியைத் தாண்டிச் சைக்கிள் பாதையில் விழுந்தது. பெற்றோர் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அப்பாவுக்கு வேலை. வீட்டுக்கு வந்து சொன்னபோது "கெட்டிக்காரி" என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடிவிட்டார். அதே அப்பா இப்போது முன்பின் தெரியாத எவனோ அடித்த பந்துக்கு சோபாவிலிருந்து எழும்பி நின்று கை தட்டினார். பொறாமை வந்தால் வயிறு எரியும் என்பார்கள். எனக்குக் காது எரிந்தது. அந்தப் பொறாமைக்கு நான் இன்றைக்கும் வெட்கப்படுவதாக இல்லை. அது நியாயமான பொறாமை.

ஒருநாள் அம்மா குசினிக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு லண்டன் மாமாவோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார். குரல் தணிந்திருந்தது. "இப்ப அவனை அனுப்ப ஏலாது அண்ணை. சீரியஸ் எண்டு சொல்லுறாங்கள்" என்றார்.

பெரியம்மாவின் ஒப்பரேஷன் சின்னதல்ல, டொக்டர்மார் கையை விரித்துவிட்டார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. தமிழர் வீடுகளில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள். டென்மார்க்கில் பிறந்த எனக்கு அதை யார் சொல்லித் தந்தார்கள்? அம்மா சொன்னது சீரியஸ், என் காதில் விழுந்தது சீரிஸ். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: சீரிஸ் முடியும்வரை இவனை அனுப்ப மாட்டார்கள். இன்னொன்றும் விளங்கியது. அம்மாவும் பேஸ்போல் கட்சிக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து நான் பணக்கார அணியின் ஆள். அவர்கள் மூன்று ஆட்டம் வென்றிருந்தார்கள், நோஞ்சான்கள் ஒன்று. இன்னும் ஒரு தோல்வி, அவன் பெட்டியைக் கட்டலாம். குசினி அலமாரிக்குள் இருந்த பிள்ளையாருக்கும் விஷயத்தைச் சொல்லி வைத்தேன். பிள்ளையாரும் அவன் பக்கம் போலும், ஐந்தாவது ஆட்டத்தை நோஞ்சான்கள் வென்றார்கள். அப்பா அவனைத் தூக்கிச் சுற்றினார். முதுகு நோகுது என்று சொல்லி என்னைத் தூக்குவதை நிறுத்தி இரண்டு வருடமாகியிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. குசினிக்குப் போய், "அம்மா, உந்தச் சீரிஸ் எப்ப முடியும்?" என்று கேட்டேன்.

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "ஆர் உனக்குச் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும்தானே."

"அவனுக்குமோ?"

"அவனுக்குத்தான் எங்கள் எல்லாரையும் விட நல்லாத் தெரியும்" என்றேன். எனக்கு அந்தக் கேள்வியே பைத்தியக்காரக் கேள்வியாகப் பட்டது.

அம்மா நேரே வரவேற்பறைக்குப் போய் அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். "எவ்வளவு தைரியமான பிள்ளை. எல்லாத்தையும் மனதுக்குள்ளை வச்சுக்கொண்டு இருக்கிறாய்" என்றார். அவன் அடுத்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொண்டு, "பயப்பிடாதேங்கோ சித்தி, நாங்கள் வெல்லுவம்" என்றான். அம்மா குசினிக்குத் திரும்பி வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றார். கழுவுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அன்று அவன் சாப்பாட்டுக் கோப்பையில் இறால் குவிந்திருந்தது. என் கோப்பையில் குழம்புதான் கூட. ஆறாவது ஆட்டத்தையும் நோஞ்சான்கள் வென்றார்கள்.

கடைசி ஆட்டத்தன்று பள்ளிக்கூடத்தால் வந்தபோது வாசலில் அப்பாவின் சப்பாத்து மாவு படாமல் கிடந்தது. காய்ச்சலோடும் வேலைக்குப் போகிற மனிதர் லீவு போட்டிருந்தார். என் ஆட்டத்துக்குக் கிடைக்காத லீவு இவன் ஆட்டத்துக்குக் கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். விடியற்காலையில் அமெரிக்காவிலிருந்து போன் வந்ததும், பெரியம்மா இல்லை என்பதும் எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. முடிவு தெரிந்துவிடும் என்று சொல்லி அப்பா காலையிலேயே அவன் போனை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்திருந்தார். அம்மாவின் அறைக்குள் பெட்டி திறந்து கிடந்தது, அம்மா யாரோடோ டிக்கெட் பற்றித் தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தார். இன்றோடு சீரிஸ் முடிகிறது, இவனை அனுப்பப் போகிறார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

"தங்கச்சியும் வந்திட்டாள். இனிப் போடு" என்றார் அப்பா.

ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. யன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியது. நோஞ்சான்கள் ஒரு ஓட்டம் பின்னால். கடைசி வாய்ப்பில், வருடம் முழுக்க வாங்கிலேயே உட்கார்ந்திருந்த ஒரு வயதான ஆட்டக்காரரை அனுப்பினார்கள். ஆள் கொஞ்சம் தொந்தி வைத்தவர். முதல் இரண்டு பந்துக்கும் மட்டையை வெறுங்காற்றில் வீசினார். மூன்றாவது பந்து மட்டையில் பட்ட சத்தத்தோடு எல்லோரும் எழும்பிவிட்டார்கள், அப்பா, அவன், மைதானத்தில் இருந்த சனம் முழுதும். பந்து வெளிச்சத்துக்குள் போய்த் திரும்பவே இல்லை. ஏற்கெனவே ஓடி நின்றவர் ஒருவர், பின்னால் இந்தத் தொந்திக்காரர், இரண்டு பேரும் சுற்றி வந்து சேர, கிண்ணம் நோஞ்சான்களுக்கு.

அவன் கத்தினான், துள்ளினான், தொப்பியைக் கூரைக்கு எறிந்தான். பிறகு அப்பாவுக்கு முன்னால் வந்து கையை நீட்டினான். "சித்தப்பா, போனைத் தாங்கோ. அம்மாவுக்குச் சொல்லவேணும். அவ ஆஸ்பத்திரியிலை பாத்திருக்க மாட்டா."

கதவடியில் நின்ற அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டார். அவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பியிருந்தவர் அவர்தான். அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போய் அங்கேயே நின்றது.

"சொல்லுவம்" என்றார். "முதல் அந்தக் கடைசி அடியை இன்னொருக்காப் பாப்பம்."

அவன் சந்தோஷமாகத் திருப்பிப் போட்டான். தொந்திக்காரர் மறுபடி அடித்தார். அப்பா முதல் தரம் தட்டியது போலவே பலமாகக் கை தட்டினார். "இன்னொருக்கா" என்றார். பந்து மறுபடி வெளிச்சத்துக்குள் போனது. அப்பாவின் கன்னம் நனைந்திருந்தது. வென்றதற்கு இப்படியும் அழுவார்களா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் அடித்த பந்தை ஒருதரம்கூடப் பார்க்காத மனிதர், எவனோ அடித்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கண்ணீர் விடுகிறார். அவன் ஒவ்வொரு தரமும் முதல் தரம் போலவே சிரித்தான், அப்பா ஒவ்வொரு தரமும் திரையை விட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்தார்.

கடைசியில் நான் டேனிஷில், "இன்னும் போதாதா?" என்று கத்திவிட்டேன்.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம், பிள்ளை" என்றார்.

ஆட்டம்தான் முடிந்துவிட்டதே, இனி எதற்கு நேரம் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.