சின்ன காஞ்சிபுரத்தில் எட்டு வீடு ஏறி இறங்கிய நாள்

இந்த வலைப்பூவில் இதுவரை எழுதிய பயணங்கள் எல்லாம் எதையாவது பார்க்கப் போனவை. இது ஒரு வீட்டில் மன்னிப்புக் கேட்கப் போனது. போனது ஜூன் மாதம், பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை. கோயில், பட்டு, இட்லி என்று எதிர்பார்த்து வந்தவர்கள் கடைசியில் உள்ள குறிப்புகளுக்கு நேராகப் போய்விடலாம். நான் தடுக்கமாட்டேன். சொல்லப்போனால் அப்படிப் போய்விட்டால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

மே மாதம் நான் போட்ட காஞ்சிபுரம் பதிவு சிலருக்கு நினைவிருக்கும். இப்போது அது இந்தத் தளத்தில் இல்லை. என் கல்லூரித் தோழி கௌசல்யா அந்த ஊரில் எல்.கே.ஜி. டீச்சர். ஒவ்வொரு மே மாதமும் வெயிலில் தெருத்தெருவாக நடந்து, ஜூனில் சேரப்போகும் குழந்தைகளின் வீடுகளுக்குப் போவாள். ஏ, பி, சி எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை. பிள்ளை தன் கையால் சாப்பிடப் பழகட்டும், ஒண்ணுக்கு வந்தால் வாயைத் திறந்து சொல்லட்டும், அம்மாவை விட்டுத் தினமும் பத்து நிமிஷம் பக்கத்து வீட்டில் இருக்கட்டும், அப்புறம் அது இருபது நிமிஷம் ஆகட்டும். அவள் கேட்பது அவ்வளவுதான். பிள்ளைகளைவிட அம்மாக்களுக்குத்தான் இந்தப் பயிற்சி என்பாள். ஒரு சனிக்கிழமை நானும் ஒட்டிக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்தது தறியும் ஜரிகையும் நல்ல வெளிச்சத்தில் நாலு படமும்.

அன்றைக்குப் போன வீடுகளில் ஒன்று எஸ்தருடையது. எஸ்தரும் அவர் கணவர் சாமுவேலும் பட்டு நெய்கிறவர்கள். முன்னறையில் இரண்டு குழித்தறி. தரையில் குழி வெட்டி, நெய்கிறவர் அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிக்கிற வகை. அறையின் ஓரத்தில் அவர்களுடைய மகள் ஜெனி, மூன்றரை வயது, காலி டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கணுக்காலில் ஒரு கயிறு. மறுமுனை தறியின் காலில் முடிந்திருந்தது. கௌசல்யா அந்தக் கயிற்றைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளாமல் தரையில் உட்கார்ந்து டப்பாக்களை எண்ண ஆரம்பித்தாள். நான் படம் எடுத்தேன். அனுமதி கேட்டேனா என்றால், கேட்டேன். “தறியை எடுத்துக்கலாமா?” என்று. எஸ்தர் தலையாட்டிவிட்டு எனக்குக் கலர் வாங்கிவர ஆளை அனுப்பினார். அதை வேறு குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து எழுதியதில் தறி ஒரு பத்தி, கயிறு ஆறு பத்தி. பிஞ்சுக் கால், பளபளக்கும் பட்டு என்று உருகியிருந்தேன். குழந்தையின் முகத்தை மங்கலாக்கியிருந்தேன், அதில் ஒரு பெருமை வேறு. பதிவு பரவியது. ஒரு வாசகர், எந்தத் தெரு என்று கேட்டார். ஒரு நிமிஷத்துக்குள் பதில் போட்டேன், கோயில் மதிலிலிருந்து எத்தனையாவது திருப்பம் என்பது உட்பட. வழி சொல்வதில் எனக்கு நல்ல பெயர் உண்டே.

ஒன்பது நாள் கழித்துக் கௌசல்யாவிடமிருந்து போன். யாரோ புகார் கொடுத்து, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் அந்த வீட்டுக்கு விசாரிக்க வந்திருக்கிறார்கள். தெருவே கூடி நின்றிருக்கிறது. இனிமேல் கயிறு கட்டமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார்களாம். எஸ்தர் பயந்துபோய், பெண்ணைப் பள்ளியில் சேர்க்கப்போவதில்லை, பேரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். “பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்த ஆளால வந்ததுதானே, இனிமே நீங்களும் வராதீங்கன்னுட்டாங்க” என்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

என் மனைவி சுதாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். “நம்ம பொண்ணை அந்த உசரமான நாற்காலில பெல்ட்டு போட்டுக் கட்டி வெச்சுட்டுத்தானே ரெண்டு வருஷம் சமைச்சேன்? நீங்க அதையும் போட்டோ எடுத்தீங்க. ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கீங்க” என்றாள். திரும்பிப் பார்த்தேன். மாட்டித்தான் இருந்தது.

பயண விவரத்துக்கு வருகிறேன். தாம்பரத்தில் காலை 6.40க்குப் பஸ், டிக்கெட் ஐம்பது ரூபாய், வாலாஜாபாத் வழி. சுமார் அறுபது கிலோமீட்டர். 8.30க்குக் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். பஸ்ஸில் மூன்று விதமாக மன்னிப்பு எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் நல்லவனாகவே இருந்தேன். அங்கிருந்து சின்ன காஞ்சிபுரம் மூன்றரை கிலோமீட்டர் இருக்கும், ஆட்டோவுக்கு நூறு ரூபாய். ஓட்டியவர் வெள்ளைத் தாடி வைத்த ஒரு பாய். தெருப் பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“அந்தத் தெருவா? நீங்க எதுனா டிவிகாரரா சார்?”

“இல்ல பாய்.”

“இல்ல, மெட்ராஸ்லேர்ந்து எவனோ வந்து, புள்ளைய கயித்துல கட்டிக்கிறாங்கன்னு நெட்ல போட்டுட்டான். அந்தப் பொண்ணு அழுதுக்கினே கீது. எங்கம்மா என்னைக் கட்டில் கால்ல கட்டிட்டுதான் வேலைக்குப் போவும். நான் இன்னா செத்தா பூட்டேன்?”

நான் “அப்படியா” என்றேன். அந்த எவனோ பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. தெருமுனைக்கு முன்பே நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டேன். அந்த “அப்படியா”வை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

கௌசல்யா அங்கே காத்திருந்தாள். “நான் பேசமாட்டேன்பா. வாசல்ல நிக்கிறேன். நீ பேசு” என்றாள். எஸ்தர் கதவைத் திறந்தார். வாங்க என்று சொல்லவில்லை. “டீச்சர் சொன்னாங்க, வருவீங்கன்னு.” ஜெனி அவர் இடுப்பில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தை அம்மாவின் தோளில் புதைத்துக்கொண்டாள். உள்ளே சாமுவேல் நெய்துகொண்டே இருந்தார், நிமிரவில்லை. இன்னொரு தறி சும்மா கிடந்தது.

“நான் எழுதினது தப்பு. எந்தத் தெருன்னு சொன்னதும் நான்தான். மன்னிச்சிடுங்கம்மா” என்றேன்.

“இன்னாத்த சார் மன்னிக்கிறது? கயிறு எடுத்தாச்சி. சந்தோஷமா?” குழந்தையின் முடியை ஒதுக்கிக் காட்டினார். புருவத்துக்கு மேலே தையல் போட்ட தடம். “அவுத்துவுட்ட நாலாம் நாளு குழில வுழுந்துட்சி. மிதிக்கட்ட கிழிச்சிட்சி. மூணு தையல்.”

ஒதுக்கிய முடியை மறுபடி தடத்தின் மேல் இழுத்துவிட்டார்.

“அந்தக் கயிறு இன்னாத்துல திரிச்சதுன்னு கேட்டீங்களா? கழிவுப் பட்டு சார். கால் நோவக் கூடாதுன்னு. வாசப்படி வரைக்கும் போவலாம், தெருவுல போறவங்கள பாக்கலாம். குழிக்கு ரெண்டு சாண் இந்தப் பக்கமே நின்னுடும். அளந்து முடிஞ்சேன். இஸ்கூலுக்குப் போவச்சொல்ல எடுத்துடலாம்னு டீச்சர்கிட்ட நானேதான் சொன்னேன். நீங்க ஒரு வார்த்த கேக்கலையே.”

உண்மைதான். ஆறு பத்தி எழுதிய எனக்கு ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. பள்ளிக்கு மட்டும் அனுப்புங்கள், அவள் படிப்பு என்னால் கெடவேண்டாம் என்றேன். சொல்லும்போதே, இதைச் சொல்ல நான் யார் என்று கூசியது.

எஸ்தர் சொன்னதை அப்படியே தருகிறேன். “எதிர் வூட்டு சல்மா அக்காகிட்டதான் தெனம் உட்டுட்டு வருவேன், டீச்சர் சொன்ன மாதிரி. அர மணி நேரம் வரைக்கும் அழுவாம இருந்துட்சி. இப்போ அந்த வூட்டோட பேச்சில்ல. நெட்ல மூஞ்சி தெரியல இல்ல, இது எங்க வூடுதான்னு தெருவுல யாரோதான் காட்டிக் குடுத்துட்டாங்கன்னு எங்க வூட்டுக்காரரு எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கினு இருக்காரு. அக்காவயும் கேட்டுட்டாரு. இந்தப் புள்ள இப்போ என் இடுப்ப வுட்டு எறங்கமாட்டுது. இது எங்கேர்ந்து இஸ்கூலுக்குப் போவும்?” குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். “ஊரு ஒலகத்துக்கெல்லாம் எழுதினீங்க இல்ல? இந்தத் தெருவுல எங்கள வுட்டா எட்டு வூடு. யாரும் காட்டிக் குடுக்கல, நான்தான் தெரு பேர போட்டேன்னு நீங்களே போயி சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்.”

தண்ணீர் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

முதல் வீட்டுக்காரர் என்னை எதையோ விற்க வந்தவன் என்று நினைத்து, வேண்டாம்பா என்று கதவைச் சாத்தப் பார்த்தார். நின்று சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் எழுதினேன், ஆனால் என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷம் பேசினேன். அவர் கேட்டுவிட்டு, “ஆமா, அதுக்கு நான் இன்னா பண்ணணும்?” என்றார். வெளியே வந்ததும் கௌசல்யா, “நல்ல எண்ணத்துலன்னு சொன்ன பாரு, அத எடுத்துடு” என்றாள்.

எடுத்துவிட்டேன். இரண்டாவது வீட்டில் பேச்சு பாதியாகக் குறைந்தது. மூன்றாவது வீட்டம்மா, பின்கட்டில் இருந்த மாமியாரையும் மருமகளையும் கூப்பிட்டு, “இன்னொரு வாட்டி சொல்லுங்க, இவங்களும் கேக்கட்டும்” என்றார். சொன்னேன். மாமியாருக்குக் காது மந்தம், மூன்றாவது முறையும் சொன்னேன், சத்தமாக. தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். ஐந்தாவது வீட்டில் கல்லூரிக்குப் போகும் ஓர் இளைஞர், கையில் போன். “அது நீங்களா அண்ணா? நான் அழுவுற பொம்ம போட்டு ஷேர் பண்ணேன். மூஞ்சி தெரில இல்ல, எங்கியோன்னு நெனச்சிட்டேன். அப்புறம்தான் கதவு அடையாளம் தெரிஞ்சிது.” அவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நிமிஷம் எங்கள் இருவருக்கும் ஒரே நிலைமை. ஏழாவது வீட்டுக்குப் போனபோது நான் சொல்ல வேண்டியது மூன்று வாக்கியம்தான் என்று தெரிந்துவிட்டது. எஸ்தர் பிள்ளையைக் கொடுமைப்படுத்தவில்லை. நான் விசாரிக்காமல் எழுதினேன். தெருவைச் சொன்னது நான்தான், இங்கே இருக்கும் யாரும் இல்லை.

எட்டாவது எதிர் வீடு, சல்மா அக்காவுடையது. கணவர் ஜரிகை வியாபாரம். மூன்று வாக்கியத்தையும் படியில் நின்றே சொன்னேன். அக்காவின் கண் கலங்கிவிட்டது. கோபத்தில் என்றுதான் நினைக்கிறேன்.

“மூணு வாரமா நான் காட்டிக் குடுத்தவன்னு பேரு வாங்கிக்கினு ஒக்காந்திருக்கேன், தெரியுமா? ஒங்கள உள்ளக் கூப்புட மாட்டேன்” என்றவர், என்னைத் தாண்டி எதிர் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “எஸ்தரு! கேட்டியா? புள்ளைய அனுப்பு.”

எதிர்க் கதவு திறந்தே இருந்தது. தறிச் சத்தம் நின்றிருந்தது. சாமுவேல் எழுந்து வந்து கதவோரம் நின்றார். எஸ்தர் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிப் படியில் விட்டார். தெரு அகலம் பத்துப் பன்னிரண்டு காலடி இருக்கும். ஜெனி ஒரு படி இறங்கினாள், என்னைப் பார்த்தாள், அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க நின்னா வராது. போங்க” என்றார் சல்மா அக்கா.

போனேன். மணி 12.40. திரும்பிப் பார்க்கவேண்டும் போல இருந்தது, கழுத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மதில் வரை நடந்தேன். கௌசல்யா என்னோடு வரவில்லை, அங்கேயே நின்றுவிட்டாள். பார்க்கும் உரிமை அவளுக்கு இருந்தது.

இனி, போக நினைப்பவர்களுக்கு. வரதராஜப் பெருமாள் கோயில் நடை மதியம் பன்னிரண்டுக்குச் சாத்தினால் மாலை நாலுக்குத்தான் திறக்கிறார்கள், கோயில் இட்லி வேண்டுமானால் காலையிலேயே போங்கள். திரும்ப தாம்பரம் பஸ் அரை மணிக்கு ஒன்று கிடைக்கிறது. நெசவு வீடுகளுக்குள் யாராவது அழைத்துப்போனால் போனைப் பைக்குள் வையுங்கள். கண்ணுக்கு விசித்திரமாகப் படுவதைப் பற்றி அந்த வீட்டுக்காரரிடமே கேளுங்கள், பதில் கேட்கப் பொறுமை இல்லையென்றால் எழுதாதீர்கள். குழந்தைக்கு ஆபத்து என்று நிஜமாகவே தோன்றினால், அந்தத் தெருவில் நடக்கிற டீச்சரிடம் முதலில் பேசுங்கள். தெருப் பெயரை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். என்னிடமும் கேட்காதீர்கள்.

உங்கள் வீட்டில் அடுத்த வருஷம் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால், கௌசல்யாவின் பத்து நிமிஷத்தை இப்போதே தொடங்குங்கள். பிள்ளை அசந்த நேரம் பார்த்து நழுவக் கூடாது. போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும், சொன்ன நேரத்தில் திரும்பி வரவேண்டும். அதற்கு நம்பிப் பிள்ளையை விட ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டைத்தான் நான் மூன்று வாரம் இல்லாமல் செய்திருந்தேன்.

இந்தப் பதிவை வெளியிடும் முன் எஸ்தருக்குப் போனில் முழுவதும் படித்துக் காட்டினேன். பெயர்களை மாற்றச் சொன்னார், மாற்றியிருக்கிறேன். தையலைப் பற்றி இருக்கட்டும், எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும் என்றார். திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் என்ன நடந்தது என்பதையும் எழுதியிருந்தேன், கௌசல்யா சொல்லித் தெரிந்தது, ஒரு நீளமான பத்தி. அதையும் கடைசி வரை கேட்டார்.

“அத மட்டும் எடுத்துடுங்க சார். அது எங்களோட இருக்கட்டும்.”

எடுத்துவிட்டேன்.